ஐ.நா. அமைதிப்படை மக்களைக் காப்பாற்றுகிறதா? கேள்வி பதில்

தெற்கு சூடானின் பெந்தியூ நகருக்குப் பக்கத்தில் ஐ.நா. தளத்தை ஒட்டி ஒரு பெரிய முகாம் இருந்தது. அங்கே ஒரு நிவாரண அமைப்புக்காகத் தண்ணீர்க் குழாய், கழிப்பறை வேலைகளைப் பார்த்த பொறியாளர் நான். படையைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் அவர்கள் காவலில் வேலை செய்தவன், இன்றும் இந்த விஷயத்தை விடாமல் படித்து வருபவன். கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். பெரும்பாலும் தெற்கு சூடானை வைத்தே பேசுவேன். எனக்குக் கிட்டத்தில் தெரிந்த இடம் அதுதான்.

சார், ஐ.நா.வுக்கென்று தனி ராணுவம் இருக்கிறதா? யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

தனி ராணுவம் கிடையாது தம்பி. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் போட்ட பிறகு, உறுப்பு நாடுகளிடம் போய் ஆள் கேட்க வேண்டும். இந்தியா, நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, பாகிஸ்தான், கானா போன்ற நாடுகள்தான் அதிகம் அனுப்புகின்றன. பணம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து ஏறக்குறையப் பாதிச் செலவை ஏற்க வேண்டும் என்பது கணக்கு. 2018-இல் ஒரு வீரருக்கு மாதம் 1,428 டாலர் என்று ஐ.நா. நிர்ணயித்தது. அது வீரரின் கைக்கு நேராகப் போவதில்லை, அவரை அனுப்பிய அரசுக்குப் போகும்.

சீருடை அவரவர் நாட்டுடையது. நீலத் தலைக்கவசமும் வெள்ளை வண்டியும்தான் ஐ.நா. அடையாளம். தப்பு செய்தால் தண்டிப்பதும் அவரவர் நாடுதான். இதை நினைவில் வையுங்கள், கீழே பல பதில்களுக்கு இது தேவைப்படும்.

2013-இல் ஜூபாவில் ஐ.நா. தளத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று படித்தேன். அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? (ஆசிரியை, மதுரை)

தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று சூடானிலிருந்து பிரிந்து விடுதலை பெற்ற நாடு. இரண்டரை ஆண்டு கூட ஆகவில்லை, அதிபர் சல்வா கீருக்கும் பதவி பறிக்கப்பட்ட துணை அதிபர் ரியெக் மச்சாருக்கும் இடையிலான பகை 2013 டிசம்பர் 15 இரவு தலைநகர் ஜூபாவில் துப்பாக்கிச் சண்டையாக வெடித்தது. கீர் டிங்கா இனத்தவர், மச்சார் நூவேர் இனத்தவர். அடுத்த சில நாட்களில் அரசுப் படையினர் நூவேர் மக்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். வேறு ஊர்களில் டிங்கா மக்களுக்கும் அதே கதி நேர்ந்தது.

ஜூபாவில் ஐ.நா.வுக்கு இரண்டு தளங்கள். ஒன்று விமான நிலையத்தை ஒட்டி, மற்றொன்று ஊருக்கு வெளியே. உயிர் பிழைக்க ஓடியவர்கள் அந்த வாசல்களுக்குத்தான் போனார்கள். அப்போது ஐ.நா. பணிக்குத் தலைமை வகித்தவர் நார்வேயைச் சேர்ந்த ஹில்டே ஜான்சன். உள்ளே இடம் இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. மக்களை உள்ளே விட்டால் அரசின் கோபம் ஐ.நா. மேல் திரும்பும் என்பதும் தெரிந்ததுதான். இருந்தும் கதவைத் திறந்தார்கள். ஓரிரு நாட்களில் ஆயிரக்கணக்கில் வந்தார்கள், பிறகு பெந்தியூ, மலகால் என்று மற்றத் தளங்களிலும் கூட்டம் சேர்ந்தது. உச்சத்தில் நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐ.நா. வேலிக்குள் வாழ்ந்தார்கள்.

அதற்கு முன்பு அந்த அளவுக்கு மக்களை அவ்வளவு காலம் தன் தளத்துக்குள் வைத்துக் காத்ததில்லை அமைதிப்படை. நாலைந்து நாள் தங்குவார்கள் என்று நினைத்துத் திறந்த கதவு, ஏழெட்டு ஆண்டு திறந்தே இருக்க வேண்டி வந்தது. குறை சொல்ல எவ்வளவோ இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் அந்த டிசம்பர் முடிவு இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது இந்திய வீரர்களும் இறந்தார்களாமே?

ஆமாம். 2013 டிசம்பர் 19 அன்று ஜோங்லே மாநிலத்தில் அகோபோ என்ற சிறிய தளத்தில். டிங்கா மக்கள் சிலர் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார்கள். சுமார் 2,000 ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் சூழ்ந்தார்கள். தளத்தில் இருந்தவர்கள் நாற்பதுக்குச் சற்று அதிகமான இந்திய வீரர்கள். இருவர் கொல்லப்பட்டார்கள், அடைக்கலம் புகுந்தவர்களிலும் பலர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அதே மாநிலத்தில் பதுங்கியிருந்து நடத்திய தாக்குதலில் 5 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். 1948-இலிருந்து கணக்கெடுத்தால் அமைதிப்படைப் பணியில் உயிரிழந்தவர்கள் 4,000-க்கும் மேல். நம் செய்தித்தாள்களில் இவர்களுக்கு நாலு வரி இடம் கிடைப்பதே பெரிது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

முகாமில் இருந்தவர்களை அகதிகள் என்று சொல்லலாமா? (சட்ட மாணவி, சென்னை)

நாட்டின் எல்லையைத் தாண்டினால்தான் சட்டப்படி அகதி. பெந்தியூ முகாமில் இருந்தவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். அகதிகளுக்கு 1951 உடன்படிக்கையும் அதைக் கவனிக்கத் தனி ஐ.நா. ஆணையமும் உண்டு. உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்குச் சொந்த அரசுதான் பொறுப்பு. அந்த அரசின் படையே துரத்தினால் என்ன செய்வது? சிக்கலே அங்கேதான்.

அகதிகளைக் காக்கவே அமைதிப்படை போனதும் உண்டு. சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரிலிருந்து பக்கத்து நாடான சாடின் கிழக்குப் பகுதிக்கு ஓடிவந்தவர்களுக்காக 2007-இல் ஒரு பணி தொடங்கியது. சாட் நாட்டுப் போலீசாருக்குப் பயிற்சி கொடுத்து முகாம்களில் நிறுத்தியது நல்ல யோசனை. ஆனால் சாட் அரசு போதும் என்று சொன்னதால் 2010 முடிவில் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

முகாம் எப்படி இருக்கும்? படத்தில் பார்த்தால் கூடாரமாகத் தெரிகிறது. (இல்லத்தரசி, ஈரோடு)

அம்மா, இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன், என் வேலையே அது.

சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மண்ணைக் குவித்துக் கரை கட்டி, வெளியே அகழி வெட்டி, மேலே முள்கம்பிச் சுருள் போட்டிருப்பார்கள். இடையிடையே காவல் கோபுரம். உள்ளே தார்ப்பாய் போர்த்திய குடிசைகள். பெந்தியூ மண் கரிசல். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் குழைந்துபோய்ச் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், தண்ணீரைக் கீழே விடவே விடாது. 2014 மழைக்காலத்தில் குடிசைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். படுத்தால் மூழ்கிவிடும் என்பதால் தாய்மார்கள் குழந்தையைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டே இரவைக் கழித்தார்கள். கழிப்பறைக் குழிகள் நிரம்பி அதே தண்ணீரில் கலந்தன. குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் இறந்தார்கள். துப்பாக்கியிலிருந்து தப்பி வந்தவர்கள் அவர்கள்.

பிறகுதான் நிலத்தை மேடாக்கி, வாய்க்கால் வெட்டி, முகாமை விரிவாக்கினார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது நிவாரண வேலையில் குறைந்தபட்ச அளவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் அந்தக் கணக்கை எட்டுவது எவ்வளவு கடினம் என்று உங்கள் தெருக் குழாயை நினைத்துப் பார்த்தாலே புரியும்.

2021-இல் பெரு வெள்ளம் வந்தபோது பாகிஸ்தான் ராணுவப் பொறியாளர்கள் முகாமையும் விமான ஓடுதளத்தையும் சுற்றிக் கரை எழுப்பித் தடுத்தார்கள். கரை உடைந்திருந்தால் முகாம் இருந்த இடம் தெரிந்திருக்காது. அமைதிப்படை என்றால் துப்பாக்கி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

முகாமுக்குள் இருந்த பெண்களுக்குப் பாதுகாப்பு இருந்ததா? (சமூகப் பணியாளர், கோயம்புத்தூர்)

வேலிக்குள் ஓரளவு இருந்தது. வேலியைத் தாண்டினால் இல்லை. அரிசியும் சோளமும் நிவாரணமாகக் கிடைக்கும், விறகு கிடைக்காது. விறகு வெட்டப் போக வேண்டும். ஆண்கள் போனால் கொன்றுவிடுவார்கள். பெண்கள் போனால் பலாத்காரம் செய்வார்கள், ஆனால் உயிரோடு திரும்ப வாய்ப்பு உண்டு. இதை எடைபோட்டுப் பார்த்துத்தான் குடும்பங்கள் பெண்களை அனுப்பின. இதைவிடக் கொடிய கணக்கு ஒன்றை நான் கேட்டதில்லை.

2018 நவம்பர் கடைசியில் பெந்தியூ பக்கம் பத்தே நாட்களில் 125 பெண்களும் சிறுமிகளும் பாலியல் வன்முறைக்குச் சிகிச்சை தேடி வந்ததாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறிவித்தது. உணவு வழங்கும் இடத்துக்கு நடந்து போகும் வழியில் நடந்தவை இவை. அதற்குப் பிறகு ஐ.நா. படை ரோந்தை அதிகமாக்கி, சாலையோரப் புதர்களை வெட்டி, பதுங்க இடமில்லாமல் செய்தது. விறகுக்குப் போகும் பெண்களோடு காவலுக்குப் போகும் ரோந்துகளும் உண்டு. ரோந்து போன நாளில் தாக்குதல் குறையும், போகாத நாளில் கூடும்.

என் கருத்து இதுதான்: கதவைத் திறப்பது பாதி வேலை. மீதிப் பாதி, கதவுக்கு வெளியே காலை எடுத்து வைப்பது. முதல் பாதியைத் தெற்கு சூடான் பணி துணிந்து செய்தது, இரண்டாவதில் திரும்பத் திரும்பத் தவறியது.

சுட அதிகாரம் இல்லாததால்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்? (முன்னாள் ராணுவத்தினர், வேலூர்)

ஐயா, அதிகாரம் உண்டு. 1999-இல் சியரா லியோன் பணிக்கான 1270-ஆம் தீர்மானம்தான், பொதுமக்களைக் காக்கத் தேவையான நடவடிக்கை எடுக்கலாம் என்று முதன்முதலில் வெளிப்படையாகச் சொன்னது. தெற்கு சூடானில் 2014 மே மாதத் தீர்மானம் மக்களைக் காப்பதையே முதல் வேலையாக்கியது. காகிதத்தில் குறை இல்லை.

செயலில்தான் குறை. ஐ.நா.வின் உள்தணிக்கைப் பிரிவு 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010 முதல் 2013 வரை வெவ்வேறு நாடுகளில் இருந்த ஐ.நா. பணிகளில் பொதுமக்கள் தாக்கப்பட்டதாகப் பதிவான 507 சம்பவங்களில், படை உடனே நடவடிக்கை எடுத்தது 101-இல் மட்டும். மக்களைக் காக்கப் பலத்தைப் பயன்படுத்தியது அரிதிலும் அரிது.

மலகாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 பிப்ரவரி 17, 18. சுமார் 47,000 பேர் இருந்த முகாம். உள்ளே ஷில்லுக், டிங்கா என்ற இரு இனங்களின் இளைஞர்களுக்கு இடையே மோதல் தொடங்கியது. அரசுப் படைச் சீருடையில் இருந்தவர்கள் வேலியைத் தாண்டி உள்ளே நுழைந்து சுட்டார்கள், குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். குறைந்தது 30 பேர் இறந்தார்கள், முகாமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. யார் உத்தரவிடுவது, எப்போது சுடலாம் என்பதிலேயே குழப்பம் இருந்தது என்று ஐ.நா.வின் விசாரணையே ஒப்புக்கொண்டது. எத்தியோப்பியா, இந்தியா, ருவாண்டா வீரர்கள் அப்போது அங்கே இருந்தார்கள். நம் நாட்டுப் படையும் அதில் இருந்தது என்பதற்காக இதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஜூலையில், ஜூபாவில் மறுபடி சண்டை. ஐ.நா. படையைச் சேர்ந்த இரண்டு சீன வீரர்கள் இறந்தார்கள். ஐ.நா. தளத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் இருந்த விடுதிக்குள் அரசுப் படையினர் புகுந்து ஒரு பத்திரிகையாளரைக் கொன்றார்கள், நிவாரணப் பணியாளர்களை வன்புணர்வு செய்தார்கள். உதவி கேட்டு அழைப்பு மேல் அழைப்பு போனது, ஐ.நா. படை தளத்தை விட்டுக் கிளம்பவில்லை. நெதர்லாந்தின் ஓய்வுபெற்ற தளபதி பாட்ரிக் கம்மார்ட் விசாரித்தார். அதன் பேரில் படைத் தளபதியாக இருந்த கென்யர் நீக்கப்பட்டார். கோபத்தில் கென்யா தன் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

ஏன் கிளம்புவதில்லை என்றால், ஒவ்வொரு படைப்பிரிவும் தளபதியின் உத்தரவைக் கேட்கும் அதே நேரத்தில் தன் தலைநகரின் குரலுக்கும் காது கொடுக்கிறது. பெட்டியில் வீடு திரும்பும் உடல்கள் எந்த அரசுக்கும் சங்கடம். காயம்பட்டவரை உடனே தூக்கிப் போக ஹெலிகாப்டர் வருமா என்ற நிச்சயமும் இல்லை. இவை காரணங்கள், ஐயா. காரணம் சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

முகாமுக்குள் ஒருவர் கொலை செய்தால் என்ன தண்டனை?

நல்ல கேள்வி. சிறு சண்டைகளை முகாமின் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, மாடு இவ்வளவு என்று அபராதம் பேசித் தீர்ப்பார்கள். பெரிய குற்றம் என்றால் ஐ.நா. போலீஸ் பிடித்து அடைத்து வைக்கும். ஆனால் வழக்கு நடத்த ஐ.நா.வுக்கு அதிகாரம் இல்லை. அரசிடம் ஒப்படைத்தால் இனத்தைக் காரணம் காட்டியே கொன்றுவிடலாம். வெளியே துரத்தினாலும் அதே ஆபத்து. இதற்குச் சரியான விடையைக் கடைசி வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ருவாண்டா, ஸ்ரெப்ரனிட்சாவில் நடந்ததைப் பார்த்தும் எப்படி அமைதிப்படையை நம்புகிறீர்கள்?

அவற்றைப் பார்த்ததால்தான் விதிகளே மாறின. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் டுட்சி இன மக்களைக் கொன்று குவித்த நேரம், தலைநகர் கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் ஐ.நா. படையின் பெல்ஜிய வீரர்களை நம்பி சுமார் 2,000 பேர் தங்கியிருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறிப் போனார்கள். பின்னால் ஓடி வந்து கெஞ்சியவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். அன்றே படுகொலை. பத்து நாள் கழித்துப் பாதுகாப்பு கவுன்சில் படையைக் கூட்டவில்லை, 270 பேராகக் குறைத்தது. படைத் தளபதி ரோமியோ டலேர் கூடுதல் ஆள் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்த நேரம் அது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரனிட்சாவில் ‘பாதுகாப்பு வலயம்’ என்று ஐ.நா. அறிவித்த இடத்திலேயே 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

ஜூபாவில் கதவைத் திறந்தவர்கள் மனதில் இந்த இரண்டு பெயர்களும் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

வன்னியில் மக்கள் செத்தபோது ஐ.நா. படை ஏன் வரவில்லை? (ஒரு தங்கை, கிளிநொச்சி)

தங்கச்சி, இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இலங்கைக்கு ஐ.நா. அமைதிப்படை அனுப்பும் தீர்மானம் எப்போதுமே போடப்படவில்லை. இறுதிப் போரின்போது பாதுகாப்பு கவுன்சில் தன் நிகழ்ச்சி நிரலில் கூட அதை முறையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1987-இல் வந்தது இந்திய அரசு அனுப்பிய படை, ஐ.நா.வுடையது அன்று.

அங்கே இருந்தவர்கள் ஐ.நா.வின் நிவாரணப் பணியாளர்கள்தான். பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு சொன்னதும் 2008 செப்டம்பரில் அவர்களும் வெளியேறினார்கள். போகாதீர்கள் என்று கிளிநொச்சி அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்றதை நீங்களே பார்த்திருக்கலாம். 2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக விசாரணை, ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று வெளிப்படையாகச் சொன்னது. அதைத் தொடர்ந்து, மனித உரிமையை முன்னிறுத்தும் புதிய நடைமுறையை 2013 கடைசியில் ஐ.நா. அறிவித்தது. ஜூபாவில் கதவு திறந்ததும் அதே காலம்தான். வன்னியில் போன உயிர்களுக்கு அது ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

காக்கப் போனவர்களே கெடுத்த கதைகளும் உண்டே? (செவிலியர், யாழ்ப்பாணம்)

உண்டு, மன்னிக்க முடியாதவை. 2007-இல் ஹைட்டியில் இருந்த இலங்கைப் படையினர் 100-க்கும் மேற்பட்டவர்கள், சிறுவர் சிறுமியரைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கிய புகாரில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பத்தாண்டு கழித்து அசோசியேட்டட் பிரஸ் தோண்டிப் பார்த்தபோது, ஒருவர் கூடச் சிறைக்குப் போகவில்லை என்று தெரிந்தது. தண்டிப்பது அவரவர் நாடு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் விளைவு இது.

அதே ஹைட்டியில் 2010-இல் நேபாளப் படை முகாமின் கழிவு ஓர் ஓடையில் கலந்து, அங்கிருந்து பெரிய ஆற்றுக்குப் போய்க் காலரா பரவியது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். ஒழுங்காக ஒரு கழிவுத்தொட்டி கட்டியிருந்தால் தடுத்திருக்கலாம். என் தொழிலில் இருப்பவனுக்கு இது நெஞ்சில் முள். ஐ.நா. பொதுச்செயலர் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்கவே 2016 டிசம்பர் ஆகிவிட்டது.

மொத்தத்தில் இவர்களால் பயன் உண்டா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

உண்டு. இன்னும் இரண்டு வரி சொல்ல விடுங்கள். லிசா ஹல்ட்மன் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்க உள்நாட்டுப் போர்களை எடுத்துக் கணக்குப் பார்த்தது. ஐ.நா. வீரர்களும் போலீசாரும் அதிகம் இருந்த இடங்களில் பொதுமக்கள் கொல்லப்படுவது குறைந்தது. ஆயுதமில்லாத பார்வையாளர்களை மட்டும் அனுப்பியபோது அந்தப் பலன் இல்லை. பேருக்கு நாலு பேரை அனுப்புவதில் பயனில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த முகாம்கள் என்ன ஆயின? சூடானில் ஏன் படை இல்லை? (மலேசியாவிலிருந்து ஒருவர்)

2020, 2021-இல் ஜூபா, பெந்தியூ உள்ளிட்ட பெரும்பாலான முகாம்களின் பொறுப்பு தெற்கு சூடான் அரசிடம் போனது. மலகால் மட்டும் அதற்குப் பிறகும் ஐ.நா. காவலில் தொடர்ந்தது. மக்கள் பலர் அங்கேயே இருக்கிறார்கள், ஊர் திரும்ப வீடு இல்லை.

சூடானில் டார்ஃபூர் பணி 2020 டிசம்பர் 31 அன்று முடிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 15 அன்று சூடான் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படைக்கும் இடையே போர் தொடங்கியது. டார்ஃபூரின் எல் ஜெனீனா நகரில் மட்டும் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு மதிப்பிட்டது. 2025 அக்டோபரில் டார்ஃபூரின் இன்னொரு நகரமான எல் ஃபாஷர் துணைப்படையிடம் வீழ்ந்தபோதும் ஓடி ஒளிய ஒரு ஐ.நா. வாசல் இல்லை. பணியை மூடிய அவசரம் பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். எல் ஃபாஷர் வீழ்ந்த அதே மாதத்தில், பணப் பற்றாக்குறையால் உலகெங்கும் உள்ள அமைதிப்படையினரில் சுமார் நாலில் ஒரு பங்கைக் குறைக்கப் போவதாக ஐ.நா. அறிவித்தது. கட்ட வேண்டிய பாக்கியை நாடுகள் கட்டாததுதான் காரணம்.

அண்ணா, நான் சிவில் இன்ஜினியரிங் முடித்திருக்கிறேன். இந்த வேலைக்கு வர முடியுமா? (திருச்சி)

கட்டாயம் வரலாம். சீருடையோடு போக வேண்டுமானால் ராணுவம், போலீஸ் வழியாகத்தான் முடியும், அரசுதான் தேர்ந்தெடுத்து அனுப்பும். 2007-இல் லைபீரியாவுக்குப் போன முழுப் பெண் போலீஸ் பிரிவு இந்தியா அனுப்பியது. அந்த மாதிரி ஐ.நா. வரலாற்றில் அதுதான் முதல். சீருடை வேண்டாம் என்றால் ஐ.நா. தன்னார்வலர் திட்டம் இருக்கிறது, நிவாரண அமைப்புகள் இருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டு நம் ஊரிலேயே குடிநீர், வடிகால் வேலையில் கை பழகிக்கொள்ளுங்கள். பிரெஞ்சோ அரபியோ கொஞ்சம் கற்றுக்கொண்டால் கதவு சீக்கிரம் திறக்கும். மழைக்காலத்துக்கு நல்ல கம்பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே உங்கள் அளவுக்குக் கிடைக்காது.